காற்றுப் புகாத வீடு

சகாயம்மாளின் மூக்கை ஏமாற்றியவன் பூதலூர் வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் அவள். கிடங்கிலிருந்து அரிசி மூட்டை வந்து இறங்கினால் பிரித்துப் பார்க்க மாட்டாள். சாக்கின் வாயில் மூக்கை வைத்து ஒரு இழு இழுப்பாள். "இது அடியில நனைஞ்ச மூட்டை. திருப்பி ஏத்து" என்பாள். லாரிக்காரன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணுவான். பிரித்துக் கொட்டினால் அடியில் கட்டி தட்டிப் போன அரிசியும், அதற்குள் குடும்பம் நடத்தும் வண்டுகளுமாக இருக்கும். ஊர் அவளை நேரில் டீச்சர் என்றும், முதுகுக்குப் பின்னால் மோப்ப டீச்சர் என்றும் சொல்லும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்டவளிடம் வந்து, அவளுடைய சொந்த வீட்டுக்குள் வீசிய நாற்றத்தைப் புது வீட்டு வாசனை என்றார்கள். பெயிண்ட் வாசனை என்றார் ஒருவர். பாத்ரூம் குழாயில் ஏதோ அடைப்பு என்றார் இன்னொருவர். "அக்கா ரிட்டயர் ஆனதும் மூக்கும் ரிட்டயர் ஆயிடுச்சு" என்று சொல்லி, தானே சிரித்தும் கொண்டான் அவள் தம்பி ஆண்டனி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் நாற்றமாக இருந்தால் சாம்பிராணி போட்டு விட்டுத் தொலைக்கலாம். ஆனால் அந்த நாற்றம் கூடும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு இழுத்தது. அதைத்தான் அவர்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீடு கட்டப்பட்டதே அவள் மூச்சுக்காகத்தான். மேற்கே முந்நூறு அடி தள்ளி ஆண்டனியின் ரைஸ் மில் இருக்கிறது. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமியைத்தான் எரிப்பான். எரிந்த சாம்பல் புகைபோக்கியிலிருந்து கறுப்புக் கறுப்பாகப் பறந்து வந்து, காயப்போட்ட துணியிலும் ஆற வைத்த பாலிலும் போகிற வருகிறவர் கண்ணிலும் விழும். பன்னிரண்டு வருஷம் அதை விழுங்கிய சகாயம்மாளுக்கு இழுப்பு வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் மீது கேஸ் போடவா முடியும்? வேறு இடம் பார்த்துப் போகவும் வழியில்லை. செத்துப்போன புருஷன் விட்டுப்போன மனை அது ஒன்றுதான். போன வருஷம் நெஞ்சு அடைத்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தாள். "இன்னொரு தடவை இந்த அளவுக்கு வந்தா, இங்க கொண்டு வந்து சேர்க்கறதுக்கே நேரம் இருக்காதும்மா" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மகன் ரெமிஜியஸ் கனடாவில், டொரண்டோ பக்கம் இருக்கிறான். டிப்ளமோ படித்து, குவைத்தில் ஆறு வருஷம் வெயிலில் காய்ந்து, அங்கிருந்து பனிக்குப் போனவன். அங்கே அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஊரில் யாருக்கும் நம்பிக்கை வராது. வீடு கட்டும்போதே சுவர் இடுக்கு, ஜன்னல் இடுக்கு, குழாய் நுழைகிற இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடி அடைப்பது. குளிர் உள்ளே வரக்கூடாது, சூடு வெளியே போகக்கூடாது. "இடுக்கு அடைக்கறதுக்கா பிளேன் ஏறிப் போனான்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவன் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஃபோனில் அழுதான். அழுது முடித்துவிட்டு, "உனக்கு ஒரு வீடு கட்டறேம்மா. மாமா மில்லுச் சாம்பல் ஒரு தூசி உள்ள வராது" என்றான்.

வரைபடம் வந்தது. வெளிச்சுவர் எல்லாம் இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் மூன்று அங்குல இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க வெள்ளைத் தெர்மாகோல் பலகை. ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி, சுற்றிலும் ரப்பர். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, பீய்ச்சினால் நுரைத்துப் பொங்கி இறுகுகிற ஒரு பசை. காற்றுக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடுகிற ஒரு மெஷின் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வரும்போது நானே பெட்டியில் கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொள் என்றான்.

கண்ணுசாமி மேஸ்திரி வரைபடத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "நாப்பது வருஷமா காத்து வர்றதுக்குத்தான் டீச்சரம்மா வீடு கட்டினேன். நீங்க வராம இருக்கறதுக்குக் கட்டச் சொல்றீங்க. கட்டிட்டாப் போச்சு" என்றார். ஊர் அதற்கு ஃபிளாஸ்க் வீடு என்று பெயர் வைத்தது.

எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது. தப்பு நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். வேலையை மேற்பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு இன்ஜினியரைப் போடலாம் என்று சகாயம்மாள் சொன்னாள். ரெமிஜியஸ் மாட்டேன் என்றான். "தாய்மாமன் இருக்கும்போது வெளியாள வெச்சா மாமா மனசு நோகும்மா" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரர் வீடுகளிலும் தாய்மாமன் வந்து கை வைக்காமல் வாசல் நிலை நிற்காது. ஆண்டனி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிலைக்குச் சந்தனம் பூசினான், அடியில் மாதா சுரூபம் பொறித்த காசு வைத்தான், மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தான். "இனி இந்த வீடு என் பொறுப்பு. அக்கா, நீ போய் நிம்மதியா இரு" என்றான். கண்ணில் தண்ணீர் கூட வந்தது அவனுக்கு. சிமெண்ட் தூசி ஆகாது என்று அவளும் திருவையாற்றில் நாத்தனார் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தபோது சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, கண்ணுசாமியின் ஆள் ஹோஸ் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசிக் கடைசியில் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். சகாயம்மாள் குடிபோனாள். சத்துணவுக் கூடத்தில் அவளிடம் இருபது வருஷம் சமைத்த ராஜாத்தி துணைக்கு வந்து கூடத்தில் படுத்துக்கொண்டாள். முதல் பத்து நாள் சொர்க்கம்தான். மேசையில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பு இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே சாம்பல் பறப்பதை, வேறு யாருக்கோ நடப்பது மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஹேலரை எங்கே வைத்தோம் என்று தேடும் அளவுக்கு அது மறந்து போயிருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. அதோடு நாற்றமும் பிடித்தது.

முதலில் லேசாக, ஈரத் துணியை மடித்து வைத்த மாதிரி வந்தது. அப்புறம் புளித்தது. அப்புறம் அதில் எலிப் புழுக்கையும் சேர்ந்தது. நான்காவது வாரம் சுவரில் சின்னச் சின்ன அந்துப்பூச்சி உட்கார ஆரம்பித்தது. வீட்டில் இருப்பது அஞ்சு கிலோ அரிசி. அதையும் டப்பாவில் மூடி வைத்திருக்கிறாள். அவளுடைய அரிசியில் பூச்சி வரும் என்று நினைப்பதே அவளுக்கு அவமானமாக இருந்தது. டப்பாவைக் கொட்டிப் புடைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் குடிக்கிற காப்பியில் ஒரு வண்டு மிதந்தது. சாப்பிட உட்கார்ந்தால் குமட்டியது. பாதிச் சோற்றில் எழுந்தாள். தலையணையில் வாசம், சேலையில் வாசம், கையைக் கழுவி முகர்ந்தால் கையிலும் வாசம். தன் உடம்பே மக்கிப் போய்விட்டதோ என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இழுப்பும் திரும்பியது. அதிலும் ஒரு கணக்கு இருந்தது. காலையில் உலை வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் பத்து நிமிஷத்தில் நெஞ்சு விசிலடிக்கும். சமையல் முடிந்து ஃபேனை நிறுத்தினால் மெல்ல அடங்கும். ரெமிஜியஸிடம் சொன்னால், "ஃபேனை நல்லா ஓட விடும்மா, கெட்ட காத்து வெளிய போகட்டும்" என்றான். அவள் ஓடவிட்டாள். ஓட ஓட மூச்சு அடைத்தது. இன்ஹேலர் மாதம் ஒன்று போய், வாரம் ஒன்று ஆனது.

"உங்க மவன் சொல்றதக் கேக்கக் கேக்க உங்களுக்கு ஒடம்பு கெடுது டீச்சர்" என்றாள் ராஜாத்தி. படிக்காதவள் சொன்னதுதான். ஆனால் அதில் விஷயம் இருந்தது.

கார்த்திகை பிறந்த நாலாம் நாள் காலை, சகாயம்மாள் வீடியோ காலில் மகனைப் பிடித்தாள். அவனுக்கு அது படுக்கப்போகும் நேரம். கொட்டாவியோடு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தான். எல்லா ஜன்னலையும் கதவையும் மூடு. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு. ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகக் கொண்டு போ. ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளும்போது, வெளிக்காற்று எந்த ஓட்டை வழியாக உள்ளே வரப் பார்க்கிறதோ அங்கே புகை வளையும்.

ராஜாத்தி பத்தியைப் பிடித்தாள். ஒரு ஜன்னலிலும் புகை அசையவில்லை. நேராக மேலே போனது. "பாத்தியாம்மா, ஒரு ஊசி எடம் இல்ல. கண்ணுசாமி அண்ணன் சூப்பரா செஞ்சிருக்காரு" என்று மகன் பூரித்துப் போனான்.

"அப்ப இந்த நாத்தம் எங்கேருந்துடா வருது?"

"ஜன்னல் பாத்தாச்சில்ல, போதும்மா. நான் தூங்கறேன், காலைல வேலை" என்று வைத்துவிட்டான்.

போதுமாம். சகாயம்மாள் ஒரு மூட்டையைக்கூட மேலாக முகர்ந்து விட்டவள் இல்லை. ஜன்னல் வழியாக வராத காற்று, வேறு எங்கோ ஒரு வழியாக வந்துதானே ஆக வேண்டும்? ஃபேன் பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கிறதே. ராஜாத்தியின் கையிலிருந்து பத்தியை வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவுகிற மாதிரி அங்குலம் அங்குலமாக நடந்தாள். கட்டிலுக்குத் தலைமாட்டில் சுவிட்ச் பெட்டி. அதன் அருகே போனதும் புகை சடக்கென்று மடங்கி அவள் முகத்துக்கு நேரே வந்தது. கூடவே அந்த நாற்றமும் வந்தது. சுவிட்ச் ஓட்டைகளிலிருந்து அது ஊதிக்கொண்டிருந்தது. ஆறு வாரமாக அவள் தலையை வைத்துப் படுத்த இடம் அது.

"மெயினை ஆஃப் பண்ணு. ஸ்குரு டிரைவர் எடு" என்றாள்.

ராஜாத்தி இரண்டு திருகாணியைக் கழற்றி மூடியை இழுத்தாள். உள்ளே கறுத்த ஈரக் கட்டி ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்குரு டிரைவரால் நெம்பியதும் அது பொத்தென்று கட்டிலில் விழுந்தது. அதன் பின்னால் சரசரவென்று உமி கொட்டியது. உமி என்று சொல்லலாமா அதை? பாதி மக்கி, பாதி பூஞ்சணம் பிடித்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது. குருணையும் தவிடும் சேர்ந்து புளித்திருந்தது. வெள்ளைப் புழுக்கள் நூல் கட்டி அதைக் கட்டி கட்டியாகப் பின்னி வைத்திருந்தன. வெளிச்சம் பட்டதும் அவை படுக்கை விரிப்பில் திசைக்கு ஒன்றாக நெளிந்தன. ராஜாத்தி வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

சகாயம்மாள் ஓடவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். புழுங்கல் நெல்லின் உமி. அவித்த நெல்லின் அந்த வாடை அவளுக்கு எங்கேயும் தெரியும். இந்த ஊரில் புழுங்கல் அரைக்கிற மில் ஒன்றுதான் இருக்கிறது. எந்த மில்லுக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்தாளோ, அந்த மில்லையே சுவருக்குள் வைத்துப் பூசி, அவளையும் உள்ளே விட்டு மூடியிருக்கிறார்கள்.

இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மில்லுக்கு நடந்தாள். கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

ஆண்டனி தன் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். வெளியே அவிக்கிற சூடு முகத்தில் அறைய, உள்ளே ஜில்லென்று இருந்தது. சின்ன ஏ.சி.தான், ஆனால் குளிர் அப்படியே நின்றது. அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். தகரக் கூரைக்கு அடியில் வரிசை வரிசையாக வெள்ளைத் தெர்மாகோல் பலகை. மூன்று அங்குலக் கனம். சுவரிலும் அதேதான். அவள் வீட்டுச் சுவருக்கென்று சென்னையிலிருந்து லாரியில் வந்து இறங்கியவை.

"வாக்கா, சாப்பிடறியா?" என்றான் அவன்.

அவள் பையை அவன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். புழு ஒன்று முட்டையின் மேல் ஏறியது.

ஆண்டனி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "என்னக்கா இது அசிங்கம், சாப்பிடற எடத்துல!"

"அசிங்கமா? நான் ஆறு வாரமா இதுக்குப் பக்கத்துலதான்டா சாப்பிடறேன். இதுக்குப் பக்கத்துலதான் தூங்கறேன். சொல்லு, எஞ்செவுத்துக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

அவன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினான். அப்புறம் நியாயம் பேச ஆரம்பித்தான். அவன் எப்போதுமே அப்படித்தான், மாட்டிக்கொண்டால் குரல் உயரும். "உமின்னா என்ன கேவலமா? அந்தக் காலத்துல ஐஸ் கட்டிய எதுல வெச்சு வித்தாங்க? உமிலதானே? அது உருகாம இருந்துச்சா இல்லியா? உன் மவன் சொன்ன பலகைக்கும் உமிக்கும் என்ன வித்தியாசம்? சூடு வராது, அவ்வளவுதானே?"

"ஐஸு சாயங்காலத்துக்குள்ள வித்துப் போயிடும். நான் இன்னும் எத்தன வருஷம் அதுக்குள்ள கெடக்கணும்?"

"ஊர்ல பெட்டிஷன் போட்டாங்கக்கா. மில்லுக்குப் பின்னால உமி மலையாக் கெடக்கு, பறக்குது, பத்து நாள்ல அப்புறப்படுத்தலைன்னா மில்லுக்கு சீல் வெப்போம்னு ஆபீஸருங்க சொல்லிட்டாங்க. நான் எங்க கொண்டு போய்க் கொட்டறது? உன் செவுரு அப்பத்தான் எழும்பி நின்னுச்சு. மேலேருந்து கொட்டினா நேரா எறங்கிடுச்சு. உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

"காயவெச்சாவது கொட்டினியாடா?"

அவன் பிரியாணிப் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தான். காயவைக்க எங்கே நேரம்? பத்து நாள்தானே கெடு.

சகாயம்மாளுக்கு அவனை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. அவனுக்கு மூன்று வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயில் பூசைக்குப் போனவள் அவள். வாசலில் சந்தனம் பூசிக் கண்ணீர் விட்டானே, அந்தக் கண்ணீரை நினைத்தபோதுதான் அதிகமாகக் குமட்டியது.

"தாய்மாமன் சீர்னு நெனச்சுக்கயேன்" என்றான் அவன், குரலை இறக்கி. "ஏதோ நடந்து போச்சு. நாலு மருந்து அடிச்சா பூச்சி போயிடும். இத ஊர்ல பேசாத. எம்பொண்ண ரெமிஜியஸ் கனடாவுக்கு எடுத்து வுடறேன்னு சொல்லியிருக்கான். பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு. நீ இதப் பெருசு பண்ணி அவன் மனசக் கலைச்சிடாத."

"அவன்கிட்ட மொத வேலையா இததான் சொல்லப் போறேன்."

ஆண்டனி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "தாராளமா சொல்லு. அவனுக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

அவள் நம்பவில்லை. தப்பித்துக்கொள்ள அவன் எந்தச் சேற்றையும் யார் மேலும் பூசுவான் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஆனால் காலையில், "ஜன்னல் பாத்தாச்சில்ல, போதும்மா" என்று மகன் ஃபோனை வைத்த அவசரம் நடுவழியில் ஞாபகம் வந்தது.

ராஜாத்தியை அனுப்பிக் கண்ணுசாமியைக் கடப்பாறையோடு வரச் சொன்னாள். அவர் வந்து தலையைக் குனிந்துகொண்டு முற்றத்தில் நின்றார். "மொதலாளி கொட்டச் சொன்னாரு. வேணாம்னேன். எம்மருமவன் வீடு, எனக்குத் தெரியாதாங்கறாரு. உமி பறக்காம எறங்கட்டும்னு அதுக்கு மேல தண்ணியும் அடிக்கச் சொன்னாரு. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல டீச்சரம்மா."

"உங்களுக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. எனக்கு ஒரு மாசமா மூச்சு எறங்கல. ஒரு வார்த்தை வந்து சொல்லலியே நீங்க." அவர் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மகன் எடுத்தான். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பின்னால் சமையலறை தெரிந்தது, மருமகள் சான்ட்ரா கிண்ணமும் கையுமாக மேசையில் உட்கார்ந்திருந்தாள். "ஹாய் அத்தை" என்று கையாட்டினாள்.

சகாயம்மாள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. "செவுத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டேன்."

அவன் அதிர்ச்சி அடைவான் என்று காத்திருந்தாள். மாமாவைத் திட்டுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரு மூச்சு விட்டு, முகத்தைத் தடவிக்கொண்டான். அவ்வளவுதான்.

"அது நேச்சுரல் மெட்டீரியல்மா. பலகைக்குப் பதிலா உமி போடட்டுமான்னு மாமா கேட்டாரு. காய வெச்சு, சுண்ணாம்பு கலந்து போடுங்கன்னு சொன்னேன். பலகை மிச்சமானா நீங்களே எடுத்துக்கங்கன்னேன். அவரு நமக்காகத் தெனம் வெயில்ல நிக்கறாரு, எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது? நீ கவலப்படுவேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

"காய வெச்சாங்களான்னு கேட்டியா?"

"...மாமா பாத்துப்பாருன்னு நெனச்சேன்."

"அங்க ஒரு வெள்ளக்காரன் வீட்டுக்கு இப்படி ஈர உமியக் கொட்ட வுடுவியாடா?"

அவன் திரும்பிச் சான்ட்ராவைப் பார்த்தான். அங்கே அப்படிச் செய்தால் வேலை போகும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள். இது அம்மா வீடு. அம்மா என்ன கோர்ட்டுக்கா போகப் போகிறாள்? அவன் முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. பெற்றவள் படித்துவிட்டாள். காலையில் புழுவைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

"சரி, இடிங்க கண்ணுசாமி" என்றாள்.

"அம்மா, அம்மா, இரும்மா! இடிச்சா ஏர் சீல் எல்லாம் போயிடும். அப்புறம் அத சரி பண்றது பெரிய வேலை. கிறிஸ்துமஸுக்கு நான் வந்து மாமாவையும் வெச்சுக்கிட்டுப் பேசி முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் ஜன்னலத் தொறந்து வெச்சுக்க."

"தொறந்தா மில்லுச் சாம்பல். மூடினா மில்லு உமி. நீ கிறிஸ்துமஸுக்கு வருவே. நான் இன்னிக்கு மூச்சு வுடணும்."

ஃபோனை ராஜாத்தியிடம் கொடுத்தாள். "செவுத்துப் பக்கம் புடி. அவன் பாக்கட்டும்" என்றாள்.

கண்ணுசாமி சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கடப்பாறையை வைத்தார். நாலு குத்தில் பூச்சு பெயர்ந்தது. ஏழாவது குத்தில் செங்கல் ஒன்று பெயர்ந்து வந்தது. முதலில் கறுத்த தண்ணீர் ஒரு கோடாக வழிந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. கட்டி தட்டி நின்றது. அவர் கடப்பாறையை உள்ளே விட்டுக் கிளறினார். மேலே எங்கோ ஏதோ நழுவிய சத்தம் கேட்டது. அடுத்த கணம் பத்தடி உயரத்துக்கு நின்ற உமி அத்தனையும் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. கறுப்பு, பழுப்பு, பச்சைப் பூஞ்சணம், ஆவி பறக்கும் சூடு. அந்துப்பூச்சி மேகமாகக் கிளம்பியது. கண்ணுசாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி ஓடினார். குவியலின் மேலே ஒரு எலிக்கூடு வந்து உட்கார்ந்தது. சகாயம்மாளின் பழைய சேலைத் துணியைக் கடித்துக் கட்டிய கூடு. அதற்குள் கண் திறக்காத, மயிர் முளைக்காத குஞ்சுகள் ஏழெட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊர்ந்தன. இரண்டு செத்து ஊதியிருந்தன.

சகாயம்மாள் முந்தானைக்குள் இருமினாள். ராஜாத்தி ஃபோனை இறக்கவில்லை. அந்தப் பக்கம் ஸ்பூன் ஒன்று கிண்ணத்தில் விழுந்த ஒலியும், நாற்காலி நகரும் ஒலியும் கேட்டன.

"அம்மா, போதும்மா. ஃபோன அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. சான்ட்ரா சாப்பிட்டுக்கிட்டு இருக்கா, அவளுக்கு வாந்தி வருதுங்கறா."

ராஜாத்தி திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"திருப்பாத ராஜாத்தி" என்றாள் சகாயம்மாள். "இன்னும் கிட்டக் கொண்டு போய்க் காட்டு."